மலாக்கா செட்டி அப்பா, தோட்டத்துத் தமிழ் அம்மா: என்னைப் பற்றி ஓர் அறிமுகம்

மலாக்காக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக இங்கே நடக்கிற பேச்சுகளை வாசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை.

நான் மலேசியாவின் மலாக்காவில் பிறந்தவள். தமிழ்நாட்டில் மருத்துவம் படிக்கிறேன், இரண்டாம் ஆண்டு. என் பெயருக்குப் பின்னால் அப்பாவின் குடும்பப் பெயரான ‘செட்டி’ இருக்கிறது. விடுதியில் பெட்டியை இறக்கி வைத்த அன்றே பக்கத்து அறை அக்கா, “செட்டியாரா? காரைக்குடிப் பக்கமா, தேவகோட்டையா?” என்று ஆசையாகக் கேட்டார். இல்லை அக்கா, நாங்கள் மலாக்கா செட்டி என்றேன். “அங்கே போய் எத்தனை வருடம் ஆச்சு?” என்றார். ஐந்நூறு வருடத்துக்கு மேல் இருக்கும் என்றதும் அவருக்கு அடுத்து என்ன கேட்பது என்றே தெரியவில்லை. அதற்கப்புறம் பல பேரிடம் இதே உரையாடல் நடந்துவிட்டது. அதனால் ஒரு முறை முழுதாக எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊரில் செட்டி என்பது சாதிப் பெயர் இல்லை, ஒரு சமூகத்தாரின் பெயர். அதற்குள்ளேயே பிள்ளை, நாய்க்கர், ராஜா, பத்தர் என்று பல குடும்பப் பெயர்கள் உண்டு. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலில் வந்த தமிழ் வணிகர்கள் அங்கேயே தங்கி, உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டார்கள். அந்தக் குடும்பங்களின் வழி வந்தவர்கள்தான் நாங்கள். மலாய் ரத்தம் உண்டு, சீன ரத்தமும் உண்டு. என் அப்பாவின் பாட்டியே ஒரு நோன்யா, அதாவது அங்கேயே பல தலைமுறையாக வாழ்ந்த சீனக் குடும்பத்துப் பெண். நாங்கள் சைவர்கள். பிள்ளையாரையும் மாரியம்மனையும் கும்பிடுகிறவர்கள். ஆனால் வீட்டில் பேசுவது ஒருவகை மலாய், உடுத்துவது சாரோங்கும் கெபாயாவும். காஜா பெராங் தெருவில் எங்கள் கம்பம் (ஊர் என்று சொல்ல மலேசியத் தமிழில் இந்தச் சொல்தான் வரும்) இன்னும் இருக்கிறது. வீடுகளுக்கு நடுநடுவே கோயில்கள் உள்ள சின்ன இடம்.

அப்பாவின் அம்மாவை நெனே என்று கூப்பிடுவோம். எண்பது வயது தாண்டியும் கோயிலுக்குக் கெபாயாதான். முன்பக்கம் பொத்தான் கிடையாது. மூன்று ஊசிகள் ஒரு சங்கிலியில் கோத்த ‘கெரோசாங்’ என்ற நகையால்தான் இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் குத்துவார். கைநடுக்கம் வந்ததிலிருந்து அந்த வேலை எனக்கு. மேலேயிருந்து முதல் ஊசி, அப்புறம் நடு ஊசி, கடைசியில் கீழ் ஊசி. வரிசை மாறினால் மறுபடி கழற்றச் சொல்வார். நெற்றியில் திருநீறு, உடம்பில் கெபாயா. நெனேயின் படத்தை இங்கே தோழிகளிடம் காட்டினால், “இது யார், சீனாக்காரப் பாட்டியா?” என்பார்கள்.

அம்மாவின் கதை வேறு. அம்மாவின் தாத்தா 1930களில் சேலம் பக்கத்திலிருந்து நாகப்பட்டினம் வந்து கப்பலேறியவர். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டினார். கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்து லயத்து வீட்டில்தான் (தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடு) அம்மா பிறந்தார். அந்த வீட்டில் தமிழைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அம்மா அப்பாவைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றதும் அம்மாவின் அப்பா கேட்ட ஒரே கேள்வி, “நாளைக்குப் பேரப்பிள்ளைங்க என்கிட்ட எந்த மொழியில பேசும்?” என்பதுதானாம். அதனால் அம்மா ஒரு நிபந்தனை வைத்தார், பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில்தான் சேர்ப்பேன் என்று. அப்பா ஒத்துக்கொண்டார். நான் இப்போது உங்களுக்குத் தமிழில் எழுதுவது அந்த நிபந்தனையால்தான்.

சரி, நான் எழுத வந்த காரணத்துக்கு வருகிறேன். எங்கள் சமூகத்தில் பொங்கலுக்கு முந்தைய நாள் ‘போகி பர்ச்சு’. இறந்துபோன முன்னோர்களுக்குச் சாமி முன்னால் வாழை இலை போட்டுப் படைப்போம். தேங்காய்ப்பால் சோறு, பாராங் மீன் போட்ட பிண்டாங் குழம்பு, பலகாரங்கள், அப்புறம் அவரவருக்குப் பிடித்தது. தாத்தா இலைக்குப் பக்கத்தில் அவருடைய பழைய எனாமல் கோப்பையில் கறுப்புக் காபி. சாம்பிராணி போட்டுக் கும்பிட்டுவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவோம். அவர்கள் வந்து சாப்பிடும் நேரம் அது, நாம் பார்க்கக் கூடாது. திறப்பதற்கு முன்னால் நெனே கதவுக்கு வெளியே நின்று இரண்டு தரம் செருமுவார், சாப்பிட்டு முடித்துக் கிளம்புங்கள் என்று சொல்கிற மாதிரி.

போன வருடம் போகிக்கு ஒரு தோழி தன் ஊருக்குக் கூட்டிப் போனாள். விடிவதற்குள் எழுப்பி, தெருவில் பழைய பாயையும் துணியையும் எரிப்பதைக் காட்டினாள். எல்லோரும் அன்பாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். சாயங்காலம், “படையல் எப்போது?” என்று கேட்டேன். “போகிக்கு எரிக்கிறதுதான், படையல் எல்லாம் இல்லையே” என்றார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தமிழர்களிடமிருந்து வந்தது என்று நெனே அத்தனை உறுதியாக நம்புகிற ஒன்று, தமிழ்நாட்டில் இல்லையோ?

உங்கள் யார் வீட்டிலாவது இது உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாமிரபரணி:

வாம்மா, நல்வரவு. கெரோசாங் குத்துகிற இடத்தை இரண்டு தடவை வாசித்தேன். எங்கள் ஆச்சிக்குப் பாம்படம் மாட்டிவிட்டது ஞாபகம் வந்தது. போகிக்கு எங்கள் பக்கம் வீடு சுத்தம் செய்வதோடு சரி, நீ கேட்பது எனக்குத் தெரியவில்லை. பலகாரங்கள் என்று எழுதியிருக்கிறாயே, என்னென்ன? அதைக் கொஞ்சம் சொல்லேன்.

மலாக்காக்காரி:

நன்றி அக்கா. எனக்கு ரொம்பப் பிடித்தது கஸ்தூரி என்கிற பலகாரம். பச்சைப்பயற்றை வேகவைத்து, இனிப்பும் தேங்காயும் சேர்த்துப் பிசைந்து, தட்டையாகத் தட்டி, மாவுக் கரைசலில் தோய்த்து எண்ணெயில் பொரிப்பது. மலாய்க்காரர்கள் வீட்டிலும் இது உண்டு. அப்புறம் சங்குப்பூவைக் கசக்கிப் பிழிந்த சாற்றில் நீலம் ஏற்றிய ஒட்டரிசிப் பலகாரம். நெனே வீட்டு வேலியிலேயே சங்குப்பூக் கொடி இருக்கிறது. காலையில் பூவைப் பறித்து வெயிலில் காயவைப்பது என் வேலையாக இருந்தது. தொடோலும் உண்டு. தேங்காய்ப்பால், பனைவெல்லம், ஒட்டரிசி மாவு மூன்றையும் மணிக்கணக்கில் கிண்டுவது.

தாமிரபரணி:

பச்சைப்பயறு, தேங்காய், மாவில் தோய்த்துப் பொரிப்பது என்றால் அது முந்திரிக்கொத்து! திருநெல்வேலி, நாகர்கோவில் கல்யாண வீட்டுப் பலகாரம். நாங்கள் பயற்றை வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகில் உருண்டை பிடிப்போம், நீங்கள் தட்டையாகத் தட்டுகிறீர்கள். உன் முகவரியை விடுதித் தோழி யாரிடமாவது கொடுத்து வை, அடுத்த தடவை செய்யும்போது அனுப்புகிறேன்.

கீழக்கரைக்காரன்:

தங்கச்சி, தொடோலை நாங்கள் தொதல் என்போம். கீழக்கரைக்கு வந்தவர்கள் வாங்காமல் போகமாட்டார்கள். இலங்கையிலும் தொதல்தான். அது கடல் தாண்டி எங்கள் ஊருக்கு வந்த பண்டம் என்றுதான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் கடற்கரை மரக்கலக்காரர்களுக்கு மலாக்காவும் பினாங்கும் சுமத்ராவின் அச்சேயும் அடுத்த தெரு மாதிரி.

இன்னொன்று சொல்லவேண்டும். உங்கள் கதைக்கு எங்களிடமும் ஒரு ஜோடி உண்டு. பினாங்கில் ‘ஜாவி பெரானாக்கான்’ என்று ஒரு சமூகம் இருக்கிறது. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் மலாய்ப் பெண்களைக் கட்டி உண்டான குடும்பங்கள். என் தாத்தாவின் அண்ணன் அப்படிப் போய் அங்கேயே தங்கிவிட்டார். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நோன்புக் கஞ்சி எங்கள் வீட்டு வாசனையோடுதான் இருக்கும் என்று போய்வந்தவர்கள் சொல்வார்கள். அந்தத் தாத்தா அங்கிருந்து எழுதிய கடிதங்கள் அரபுத்தமிழில் இருக்கின்றன, எழுத்து அரபு, மொழி தமிழ். படிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் வீட்டில் இப்போது இல்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

கல்வெட்டுப்பிரியன்:

அருமையான அறிமுகம். மலாக்காவைப் பற்றி ஓரளவு படித்திருக்கிறேன் என்பதால் கொஞ்சம் சேர்க்கிறேன்.

ஏன் அங்கே போய்த் தங்கினார்கள் என்பதற்குக் காரணம் காற்றுதான். வங்கக் கடலைத் தாண்டிப் போக ஒரு பருவக்காற்று, திரும்பி வர அதற்கு எதிரான காற்று. நடுவில் மாதக்கணக்கில் துறைமுகத்தில் காத்திருக்கவேண்டும். துணி மூட்டைகளைக் கொண்டுபோய் மசாலாப் பொருள்களுக்கு மாற்றுகிறவனுக்கு அங்கே ஒரு கிடங்கு வேண்டும், கணக்குப் பார்க்க நம்பிக்கையான ஓர் ஆள் வேண்டும், ஒரு வீடும் வேண்டும். அங்கே கல்யாணம் செய்துகொண்டால் மூன்றும் அமையும். தமிழ்நாட்டுப் பெண்கள் அந்தக் காலத்தில் கப்பலேறியது மிகக் குறைவு. பிள்ளைகள் அம்மாவின் மொழியைப் பேசி வளர்ந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

1511இல் போர்ச்சுகீசியர் மலாக்காவைப் பிடித்தபின் அங்கே வந்து இருந்த தோமே பிரேஸ் என்ற போர்ச்சுகீசியர், அந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாகக் குறித்திருக்கிறார். வெளிநாட்டு வணிகர்களைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள் (துறைமுக அதிகாரிகள்) இருந்தார்கள், நம் கரைக்காரர்கள் அவர்களில் ஒருவரின் பொறுப்பில். நைனா சாத்து என்ற இந்து வணிகரைப் போர்ச்சுகீசியர் பெண்டஹாரா என்கிற பெரிய பதவியிலேயே வைத்தார்கள். 1641இல் டச்சுக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் காலத்தில் கொடுத்த நிலத்தில்தான், 1781இல், பொய்யாத விநாயகமூர்த்தி கோயில் எழுந்தது. தைவநாயகர் செட்டி என்பவர் உங்கள் சமூகத்துக்குத் தலைவராக இருந்த சமயம். மலேசியாவில் இன்றும் வழிபாட்டில் இருக்கும் மிகப் பழைய இந்துக் கோயில்களில் அது ஒன்று. நான் 2019இல் போய்ப் பார்த்தேன். தங்கத் தட்டார் தெரு என்று பெயர், மலாயில் துக்காங் எமாஸ். பிள்ளையார் கோயிலிலிருந்து சில அடி நடந்தால் 1748இல் கட்டிய பள்ளிவாசல், அதே தெருவின் தொடர்ச்சியில் 17ஆம் நூற்றாண்டுச் சீனக் கோயில். மூன்று இடத்துச் சத்தமும் ஒன்றாகக் கேட்கிறது.

நேர்வாளன்:

மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து. தங்கை நன்றாகவே தமிழ் எழுதுகிறார், அது அவருடைய அம்மாவின் பெருமை. ஆனால் மொழியை விட்டுவிட்ட ஒரு சமூகத்தைத் தமிழ்ச் சமூகம் என்று நாம் கொண்டாடுவது சரியா? நாளைக்கு அமெரிக்காவில், லண்டனில் வளரும் நம் பிள்ளைகள், “பொங்கல் வைக்கிறோம், அது போதும், தமிழ் எதற்கு?” என்று கேட்பார்கள். என் அண்ணன் பிள்ளைகள் இப்போதே கேட்கிறார்கள். வீடியோ அழைப்பில் என் அம்மா பேச, பேரன் தலையாட்ட, நடுவில் அண்ணி மொழிபெயர்க்கிறார். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்குத்தான் அந்த வலி தெரியும். சடங்கும் சாப்பாடும் மிஞ்சும், மொழி போனால் பேச்சு போய்விடும். யாரையும் புண்படுத்த எழுதவில்லை.

தாமிரபரணி:

அண்ணா, அவள் அறிமுகம் செய்துகொள்ள வந்த இடத்தில் இப்படிக் கேட்கவேண்டுமா? ஆனால் உங்கள் அம்மாவின் நிலைமை எனக்குப் புரிகிறது.

மலாக்காக்காரி:

அக்கா, அவர் கேட்டதில் தவறில்லை. என் தாத்தா, அம்மாவின் அப்பா, கேட்டதும் இதே கேள்விதான்.

நேர்வாளன் அண்ணா, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது நெனேக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஓர் அட்டையில் படங்கள் வரைந்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். இது கடை என்றேன். “கெடாய்” என்றார். இது கப்பல் என்றேன். “காப்பால்” என்றார். கட்டிலைக் காட்டினால் “காத்தில்”, திரைச்சீலையைக் காட்டினால் “திராய்”, மாம்பழத்துக்கு “மெம்பெலாம்”. “நீ எனக்குப் பள்ளிக்கூடப் பாடம் என்று சொன்னது எல்லாம் எங்கள் பேச்சுதானே” என்று மலாயில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவை பொதுவான மலாய்ச் சொற்கள், மலேசியாவில் எல்லோரும் சொல்வது. அதெல்லாம் அந்த வயதில் எனக்குத் தெரியாது. நெனேக்குத் தமிழ் தெரியும், அவருக்கே அது தெரியாது என்றுதான் அன்று நினைத்தேன். எங்கள் ஆண்கள் விசேஷத்துக்குத் தலையில் கட்டுவதற்குப் பெயர் ‘தலாப்பா’. யாரும் அதற்கு அர்த்தம் சொல்லித் தரவேண்டியதில்லை.

அப்புறம் இன்னொன்று. சித்திரை மாதத்தில் எங்கள் கம்பத்து மாரியம்மனுக்குத் திருவிழா. கொடியேற்றம், காவடி, பால்குடம், எல்லாம் உண்டு. அந்தத் திருவிழாவுக்கு எங்கள் பேச்சில் ‘டத்தோ சாச்சார்’ என்று பெயர். சாச்சார் என்றால் மலாயில் அம்மை நோய். டத்தோ என்பது தாத்தா, பெரியவர், தெய்வம் எல்லாவற்றையும் குறிக்கும் மரியாதைச் சொல். மாரியம்மன் என்ற பெயரைத் தமிழில் விளக்கச் சொன்னால் நெனேக்குத் தெரியாது. ஆனால் அம்மை போட்டால் யாரிடம் போய் நிற்கவேண்டும் என்பது தெரியும். போன மாதம் நுண்ணுயிரியல் வகுப்பில் பெரியம்மை பற்றிப் பாடம் நடந்தது. இயற்கையாக வந்த கடைசி நோயாளி 1977இல், சோமாலியாவில். 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் நோய் ஒழிந்தது என்று அறிவித்தது. ஆசிரியர் இதைச் சொல்லிக்கொண்டிருக்க, எனக்குக் கண் கலங்கிவிட்டது. நெனேயின் தங்கை ஒருவர் சின்ன வயதிலேயே அம்மையில் போனவர். நோய் உலகத்தை விட்டே போயும், நெனே இன்னும் வருடா வருடம் அந்தத் தங்கைக்காக மஞ்சள் நீர்க் குடம் தூக்குகிறார்.

இதையெல்லாம் மொழிக்கு ஈடு என்று நான் சொல்லவில்லை. மொழி இல்லாததன் வலி எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. என் கூடப் பிறந்தவர்கள் கல்யாணத்தில் அம்மா வீட்டார் ஒரு பக்கம் தமிழில் பேசிச் சிரிப்பார்கள், அப்பா வீட்டார் இன்னொரு பக்கம் மலாயில் பேசிச் சிரிப்பார்கள். நானும் அம்மாவும் இரண்டு பக்கமும் ஓடுவோம். அப்பாவுக்கு அம்மா சொல்லிக் கொடுத்துத் தமிழ் ஓரளவு புரியும். பேசக் கூச்சம். எங்கள் தாத்தா தோட்டத்தில் இறந்தபோது அப்பா தேவாரம் ஒன்றை மலாய் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு, மனப்பாடம் செய்து, தலைமாட்டில் நின்று பாடினார். பேரப்பிள்ளைகள் எந்த மொழியில் பேசும் என்று கேட்டவருக்கு மருமகன் பாடினது அது.

நீங்கள் தமிழச்சியா என்று யாராவது கேட்டால் ஆமாம் என்பேன். மலாக்கா செட்டியா என்றாலும் ஆமாம்தான். பாதி இது, பாதி அது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு வீட்டிலும் என்னை முழுப் பேத்தியாகத்தான் வளர்த்தார்கள்.

தீம்பார்ப்பிள்ளை:

தங்கச்சி, நான் பேராக் பக்கம். பால்மரக் காட்டில் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்பு) நின்ற குடும்பம். உங்கள் அம்மாவின் அப்பாவை எனக்கு நன்றாகப் புரிகிறது. தோட்டத்தில் எங்களுக்கென்று இருந்தது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி. நிலம் நமதில்லை, வீடு நமதில்லை. தோட்டத்தை விற்றால் லயத்தைக் காலி செய்யவேண்டும். கையோடு எடுத்துப் போக மொழி ஒன்றுதான் இருந்தது. அதை விடச் சொன்னால் யாருக்கும் கோபம் வரும்.

ஆனால் செட்டிகளுக்கும் அங்கே சுலபம் இல்லை என்று இங்குள்ளவர்களுக்குத் தெரியவேண்டும். எங்கள் நாட்டில் எந்தப் பாரத்தை (படிவத்தை) எடுத்தாலும் இனம் என்று ஒரு கட்டம் இருக்கும். மலாய், சீனர், இந்தியர், அதற்குப் பிறகு ‘லாயின்-லாயின்’, அதாவது மற்றவர். தீபகற்ப மலேசியாவில் பிள்ளைக்குப் பெரும்பாலும் அப்பாவின் இனத்தைத்தான் போடுவார்கள். என்னோடு இடைநிலைப் பள்ளியில் ஒரு மலாக்கா செட்டிப் பையன் படித்தான். இந்தியர் வரிசையில் நின்றால் நாங்கள், “தமிழ் தெரியாதவன் இங்கே ஏன் வந்தான்?” என்போம். மலாய்க்காரப் பையன்கள், “நீ சாமி கும்பிடுகிறவன்” என்பார்கள். பதின்மூன்று வயதில் நானும் அப்படிச் சொன்னவன்தான். அதற்காக இன்றைக்கு வருத்தப்படுகிறேன். உங்கள் அறிமுகத்தைப் பார்த்ததும் அவன் நினைவு வந்தது, அதனால்தான் எழுதினேன்.

மலாக்காக்காரி:

அண்ணா, நன்றி. என் அப்பாவும் பள்ளியில் இதையே கேட்டு வளர்ந்தவர். இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. எங்கள் கம்பத்தில் செட்டி அருங்காட்சியகம் இருக்கிறது, 2018இல் சிங்கப்பூர் இந்திய மரபுடைமை நிலையத்தில் எங்கள் சமூகத்தைப் பற்றித் தனிக் கண்காட்சியே வைத்தார்கள். அப்பா எங்களைப் பேருந்தில் கூட்டிப் போனார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கெபாயா. நெனே அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, ஊசி வரிசை சரியாக இருக்கிறது என்றார்.

பாரிசிலிருந்து:

நான் ஈழத்தவன். பாரிசில் இருபது வருடம். இங்கே ரெயூனியன் தீவிலிருந்து வந்த ‘மல்பார்’ நண்பர்கள் எனக்கு உண்டு. 1848இல் அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் பிள்ளைகள். பேசுவது கிரெயோல் என்கிற கலப்பு மொழி, பள்ளியில் பிரெஞ்சு. பலர் தேவாலயத்துக்கும் போவார்கள், தீமிதிக்கும் விரதம் இருப்பார்கள். அதில் ஒருவர் ஐம்பது வயதில் என்னிடம் அ, ஆ எழுதிப் பழகினார். தன் குடும்பப் பெயரைத் தமிழில் எழுதத் தெரிந்த அன்று அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நேர்வாளன் அவர்களே, மொழி போன வீட்டுக்கும் திரும்ப வரும். நாங்கள் கதவைச் சாத்தாமல் இருந்தால் போதும்.

நேர்வாளன்:

எல்லோர் பதிலையும் வாசித்தேன். தங்கை, உங்கள் அப்பா தேவாரம் பாடிய இடத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை. மொழி முக்கியம் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. உங்கள் அம்மா வைத்த நிபந்தனையை ஒவ்வொரு வீட்டிலும் யாராவது வைக்கவேண்டும் என்றே இப்போதும் சொல்வேன். ஆனால் ‘தமிழ்ச் சமூகம் என்று கொண்டாடுவது சரியா’ என்று கேட்டதைத் திரும்பப் பெறுகிறேன். ஐந்நூறு வருடம் குடம் தூக்கியவர்களைப் பார்த்துக் கேட்கிற கேள்வி இல்லை அது. அந்தப் படத்து அட்டை வேலையை என் அண்ணன் பையனோடு செய்து பார்க்கப் போகிறேன்.

செய்யாற்றங்கரை:

இந்த இழையை இன்றுதான் பார்த்தேன், நடுவில் எல்லாம் வாசிக்காமல் நேராக எழுதுகிறேன். பாப்பா, உன் கேள்விக்குப் பதில் என்னிடம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் போகியன்று இரவு படையல் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம், செய்யாறு பக்கம். நான் மருமகளாக வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது, ஒரு வருடம்கூட விட்டதில்லை. விடியற்காலையில் எரிப்பது எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் வீட்டைக் கழுவி, சாமி இடத்துக்கு முன்னால் ஐந்து இலை போடுவோம். புதுப்புடவை, வேட்டி மடித்து வைப்போம். சோறு, பருப்பு, அவரைக்காய்ப் பொரியல், கொழுக்கட்டை, வடை. மாமனாரின் அப்பாவுக்குச் சுருட்டு. என் மாமியாருக்கு வெற்றிலையை இடித்துத்தான் வைக்கவேண்டும், கடைசிக் காலத்தில் அவருக்குப் பல் இல்லை. கற்பூரம் காட்டிவிட்டு எல்லோரும் திண்ணைக்கு வந்துவிடுவோம். கதவைச் சாத்திவிடுவோம். சின்னப் பிள்ளைகள் சந்தில் எட்டிப் பார்த்தால் அடி விழும்.

திறக்கும்போது என் வீட்டுக்காரர் என்ன செய்வார் தெரியுமா? கதவைத் தட்டிவிட்டு, தொண்டையைச் செருமுவார். “இருக்கிறவங்க கிளம்பட்டும்” என்பார். அவர் அப்பாவும் அப்படித்தான் செய்வாராம். உன் பதிவில் அந்த வரியை வாசித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கல்வெட்டுப்பிரியன்:

இது எனக்கே புதிய செய்தி, மகிழ்ச்சியாக இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன், இதை வைத்து மலாக்கா செட்டிகளின் முன்னோர் செய்யாற்றுக்காரர்கள் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். முன்னோர் படையல் வேறு மாவட்டங்களிலும், வேறு வேறு நாள்களிலும் இருக்கிறது. கதவைச் சாத்துவதும் பல ஊரில் உண்டு. ஆனால் போகி, இலை, சாத்திய கதவு, செருமல் நான்கும் ஒன்றாக இரண்டு இடத்தில் இருப்பது லேசான விஷயம் இல்லை.

மலாக்காக்காரி:

செய்யாறு அக்கா, உங்கள் பதிவை வகுப்பு இடைவேளையில் வாசித்தேன். மதிய வகுப்புக்குப் போகவில்லை.

நெனேக்கு அழைத்தேன். அப்பா ஒலிபெருக்கியில் போட்டார். நீங்கள் எழுதியதை வரிக்கு வரி மலாயில் சொன்னேன். இடித்த வெற்றிலை என்றதும் “ஆமாம், பல் இல்லாதவர்களுக்கு இடிக்கத்தானே வேண்டும்” என்றார், தெரிந்த வீட்டு விஷயம் பேசுகிற மாதிரி. செருமுவதைச் சொன்னதும் ஒன்றும் பேசவில்லை. அப்பாதான் சொன்னார், நெனே அழுகிறார் என்று. கொஞ்ச நேரம் கழித்து மூன்று கேள்வி கேட்டார். இலையின் நுனி எந்தப் பக்கம்? விளக்கு எரிந்துகொண்டே இருக்குமா, அணைத்துவிடுவார்களா? முடிந்ததும் அந்தச் சோற்றை யார் முதலில் சாப்பிடுவார்கள்?

உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால் பதில் சொல்லுங்கள். இன்றிரவு திரும்ப அழைப்பார், தூங்கமாட்டார்.

செய்யாற்றங்கரை:

நுனி சாமிக்கு இடது பக்கம், சாப்பிட உட்காருகிறவருக்குப் போடுகிற மாதிரியே. விளக்கை அணைக்கக் கூடாது, திரியைத் தூண்டிவிட்டு எண்ணெய் நிறைய ஊற்றிவிட்டுத்தான் வெளியே வருவோம். முதல் பிடி வீட்டிலேயே மூத்தவருக்கு. அப்புறம் பிள்ளைகளுக்கு.

சரி, இந்த வருடம் போகிக்கு நீ எங்கள் வீட்டுக்கு வா. உன் விடுதியிலிருந்து எத்தனை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை, வீட்டுக்காரர் பேருந்து நிலையத்துக்கு வருவார். ஐந்து இலை போடுகிற இடத்தில் ஏழு போடுவோம், பேசிவிட்டேன், சம்மதம். ஒன்று மலாக்காத் தாத்தாவுக்கு, ஒன்று தோட்டத்துத் தாத்தாவுக்கு. இரண்டு பேருக்கும் என்ன பிடிக்கும் என்று எழுது. எனாமல் கோப்பை எங்கள் வீட்டிலும் ஒன்று கிடக்கிறது, புளி போட்டுத் தேய்த்து வைக்கிறேன்.

மலாக்காக்காரி:

வருகிறேன் அக்கா.

மலாக்காத் தாத்தாவுக்குக் கறுப்புக் காபி, பால் வேண்டாம், சர்க்கரை இரண்டு கரண்டி, ஆறவிடாமல் வைக்கவேண்டும். தோட்டத்துத் தாத்தாவுக்குக் கருவாட்டுக் குழம்பு ரொம்பப் பிடிக்கும். உங்கள் வீட்டில் அன்றைக்குக் கவுச்சி ஆகாது என்றால், தேங்காய் பிஸ்கெட் போதும். பால் வெட்டப் போகும்போது அதைத்தான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவாராம்.

நெனே காய்ந்த சங்குப்பூ அனுப்புகிறார்.